ஜன்னலில் வெளிச்சம் தெரிந்ததாம்

எங்கள் ரோட்டில் நாலு வீடு. ஜனவரிப் புயல் அடித்த வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நாலு வீட்டுக்கும் ஒரே நொடியில் கரண்ட் போனது. ரோட்டில் விழுந்த மரங்களை ஊர்க்காரர்கள் வெட்டி வழி விட்டதுமே கோன்லன் குடும்பம் ஸ்லைகோ நகரத்தில் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டது. முனை வீட்டுக்காரர்கள் டப்ளின் ஆட்கள், கோடையில்தான் எட்டிப் பார்ப்பார்கள். மிச்சம் நானும் பார்ட்லி மல்வியும்தான்.

நான் நூலா கில்ரேன். அயர்லாந்தின் லீட்ரிம் மாவட்டத்தில் இருபத்தாறு வருஷமாகப் பள்ளிக்கூட மினி பஸ் ஓட்டுகிறேன். பார்ட்லிக்கு எழுபத்தொன்று. காட்டு இலாகாவில் மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். கல்யாணம் ஆகாதவர். தூங்கும்போது அவருக்கு மூச்சு நின்று நின்று வரும், போதாததற்கு இதயமும் பலவீனம். அதனால் முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொண்டு, காற்றை உள்ளே தள்ளுகிற ஒரு சின்ன மெஷினோடுதான் படுப்பார்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மின்சாரக் கம்பெனிக்கும் இது நன்றாகத் தெரியும். 'முன்னுரிமை வாடிக்கையாளர்' என்று அவர் பெயரைப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். வருஷம் தவறாமல் கடிதம் வரும். கரண்ட் போனால் உங்கள் வீட்டைத்தான் முதலில் கவனிப்போம் என்று அதில் எழுதியிருக்கும். கீழே யாரோ ஒரு பெரிய மனிதரின் கையெழுத்து.

சனிக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். ஓவர்கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, அணைந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

"என்ன பார்ட்லி, அடுப்பைப் பத்த வைக்கலையா? கொட்டகை நிறைய எரிக்கறதுக்குக் காஞ்ச சதுப்புக்கட்டி அடுக்கி வச்சிருக்கீங்களே!"

"பத்த வச்சா பம்பு யாரு ஓட்டுவா, உங்கப்பனா? பின்னால இருக்கற தண்ணி கொதிச்சு வெடிச்சுடும்மா."

அவர் அடுப்பு அந்த மாதிரி. முதுகில் ஒரு பாய்லர் உண்டு. அதில் சூடாகிற தண்ணீரை வீடு முழுக்கச் சுற்றிவிட ஒரு சின்ன பம்பு. அந்தப் பம்புக்குக் கரண்ட் வேண்டும். இரண்டு வருஷத்துக்குக் காணும் எரிபொருளை வைத்துக்கொண்டு மனுஷன் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"ராத்திரி தூங்கினீங்களா?"

"உக்காந்துட்டே இருந்தேன். கண்ணு சொக்கினா மூச்சு அடைக்குது. ஆந்தை மாதிரி முழிச்சிட்டிருந்தேன்."

"என் வீட்டுக்கு வாங்க. என் அடுப்புக்குப் பம்பெல்லாம் கிடையாது."

"உன் வீட்டுல வந்து படுத்தா ஊர் என்ன பேசும்?"

"எழுபத்தொரு வயசுல உங்களப் பத்திப் பேசறதைத் தவிர ஊருக்கு வேற வேலையே இல்லையா?"

வரமாட்டேன் என்றால் வரமாட்டார். சரி என்று வீட்டுக்குத் திரும்பி, மினி பஸ்ஸிலிருந்து இரண்டு பேட்டரிகளையும் கழற்றினேன். கேரவனுக்காக வாங்கிய முந்நூறு வாட் இன்வெர்ட்டர் ஒன்று அலமாரியில் கிடந்தது. பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டை அது வீட்டுக் கரண்டாக மாற்றிக் கொடுக்கும்.

எனக்குப் படிப்பு ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் பேட்டரி தெரியும். கையில் மோதிரம், வாட்ச் எதுவும் இல்லாமல்தான் அதைத் தொடுவேன். கழற்றும்போது நெகட்டிவ் வயர் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். டேப் சுற்றிய ஸ்பேனர். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் முப்பது ஆம்பியர் ஃப்யூஸ். பார்ட்லி வீட்டுப் பின்வாசல் அறையில் ஒரு பிளாஸ்டிக் மீன் பெட்டிக்குள் பேட்டரியை நிமிர்த்தி வைத்து, ஜன்னலை நாலு விரல் அகலம் திறந்து விட்டேன். அங்கே ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. ஊதி அணைத்தேன்.

"ஏம்மா, அதை என் கட்டிலுக்குப் பக்கத்துல வச்சா என்ன? குளிர்ல போய் அதைப் பார்த்துட்டு வரணுமா நான்?"

"அதுக்குள்ள ஆசிட் இருக்கு. தீப்பிடிக்கற வாயு வரும். தலைமாட்டுல வச்சுக்க அது என்ன பூனையா? பேட்டரி இங்கதான் இருக்கும். வயர் மட்டும் உள்ள வரும்."

"சரி சரி, கத்தாதே."

"இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. இது வண்டியை ஸ்டார்ட் பண்ணச் செஞ்ச பேட்டரி. கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சினா செத்துடும். இந்த மீட்டர்ல பன்னிரண்டு புள்ளி ரெண்டுக்கு வந்தா நிறுத்தணும். சாயந்திரம் நாலு மணி நேரம் பம்பு, அவ்வளவுதான். நெருப்பு முழுசா அடங்கினப்புறம்தான் பம்பை நிறுத்தணும். அதுக்கப்புறம் மாஸ்க். மெஷினுக்குக் காத்தை ஈரமாக்கற சூடு வேண்டாம், அதை அணைச்சுடுங்க."

அன்றைக்கு அவர் வீட்டில் நெருப்பு எரிந்தது. மறுநாள் காலையில் முகத்தில் மாஸ்க் அழுந்திய தடத்தோடு கதவைத் திறந்தார். நன்றி என்று ஒரு வார்த்தை வரவில்லை. "தேவலை" என்றார். பார்ட்லியிடமிருந்து அது பெரிய பரிசு.

அதன்பின் தினமும் அதுவே வேலையாகப் போயிற்று. பதினோரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர் மண்டபத்தில் பெரிய ஜெனரேட்டர் வைத்து, சூப்பும் சுடுதண்ணீரும் கொடுத்தார்கள். வடிந்த பேட்டரியை அங்கே கொண்டுபோய், மண்டபத்துக்குப் பின்னால் திறந்த கொட்டகையில் சார்ஜருக்கு மாட்டுவேன். முந்தின நாள் மாட்டியதை எடுத்து வந்து பார்ட்லிக்குக் கொடுப்பேன். என் வீட்டுக்கு, வாசலில் நின்ற காரிலிருந்து சமையலறை ஜன்னல் வழியாக வயர் இழுத்து ஒரு குட்டி விளக்கு. அதேபோல ஒன்று பார்ட்லிக்கும்.

திங்கட்கிழமை காலை அவர் வீட்டில் இன்வெர்ட்டர் வீல் என்று அலறுகிற சத்தம் ரோட்டு வரைக்கும் கேட்டது. ஓடினேன். பார்ட்லி கையில் கோப்பையோடு நின்றிருந்தார். மேஜைமேல் எலெக்ட்ரிக் கெட்டில்.

"ஐயோ பார்ட்லி! முந்நூறு வாட் மெஷின்ல ரெண்டாயிரம் வாட் கெட்டிலை மாட்டுவீங்களா?"

"ஒரே ஒரு கப் டீம்மா. ஒரு கப்புக்கு எவ்வளவு இழுத்துடப் போகுது?"

"கப்பைப் பார்த்தா அது இழுக்கும்? அந்த ஃப்யூஸ் மட்டும் இல்லன்னா வயர் எரிஞ்சிருக்கும். வயரோட சேர்ந்து நீங்களும்."

ஃப்யூஸ் போயிருந்தது, வேறு சேதமில்லை. மாற்றிப் போட்டேன். கெட்டிலை என் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்காக இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தினமும் காலையில் ஒரு ஃப்ளாஸ்க் டீ கொண்டுபோய் அவர் ஜன்னல் விளிம்பில் வைத்தேன். குடித்துவிட்டு, கழுவாமல் திருப்பி வைப்பார்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் இருட்டுகிற நேரம். கூரையில் மஞ்சள் விளக்கு சுழல, மின்சாரக் கம்பெனி வேன் ஒன்று எங்கள் ரோட்டில் மெதுவாக வந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்! சமையலறை ஜன்னலில் நின்று கையை ஆட்டினேன். உள்ளே இருந்தவனும் கையை ஆட்டினான். ஹெட்லைட்டை ஒருதரம் மினுக்கிவிட்டுப் போனான். கம்பத்தைப் பார்க்கப் போகிறார்கள், இன்னும் ஒரு மணி நேரத்தில் கரண்ட் என்று நினைத்து, துவைக்கிற மெஷினில் துணிகளைப் போட்டு வைத்தேன்.

கரண்ட் வரவில்லை. புதன்கிழமை காலை, மேட்டிலிருக்கிற கல்லறை வாசலுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் அங்கே மட்டும்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். மெசேஜ் வந்து விழுந்தது. 'நல்ல செய்தி! உங்கள் பகுதியில் மின்சாரம் திரும்பிவிட்டது. உங்கள் பொறுமைக்கு நன்றி.'

திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு அவர்கள் நம்பரை அழைத்தேன். காத்திருக்கச் சொல்லி நாற்பது நிமிஷம் ஒரே பியானோ. அதற்கப்புறம் ஒரு பெண்.

"எங்க ரெக்கார்டுல உங்க ரோட்டுக்கு கரண்ட் வந்தாச்சே மேடம்."

"எங்க வீட்டுக்கு வரலம்மா."

"அப்ப உங்க வீட்டுக்குள்ளதான் கோளாறு. மெயின் சுவிட்சை ஒருதரம் கீழே போட்டு மேலே போடுங்க. நான் லைன்ல இருக்கேன்."

"நான் கல்லறை வாசல்ல நிக்கறேன். இங்க இருக்கற யாரும் எழுந்து சுவிட்ச் போடமாட்டாங்க."

அவள் சிரிக்கவில்லை. புகாரைப் பதிவு செய்கிறேன் என்றாள். மத்தியானம் இன்னொரு மெசேஜ்: 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டு முடிக்கப்பட்டது.' வியாழன் இரண்டு தடவை கூப்பிட்டேன், வெள்ளி ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் சுவிட்சைப் போடச் சொன்னார்கள், ஒவ்வொரு தடவையும் முடித்துவிட்டார்கள். சாயந்திரம் மட்டும் நெருப்பு எரிகிற வீட்டில் இருமிக்கொண்டிருந்த முன்னுரிமை வாடிக்கையாளரைப் பற்றிச் சொன்னேன். "அவர் பட்டியலில் இருக்கார் மேடம், கவலைப்படாதீங்க" என்றார்கள். பட்டியலில் இருந்தால் குளிராதா?

வெள்ளிக்கிழமை ஒரு பேட்டரி கையை விரித்துவிட்டது. எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் ஒரு மணி நேரத்தில் மீட்டர் இறங்கியது. தினம் இப்படி வடியவிட அது செய்யப்படவில்லை, அதைக் குறை சொல்ல முடியாது. இனி ஒன்றே ஒன்றுதான். அதையும் காலையிலிருந்து சார்ஜ் போட்டுச் சாயந்திரம் கொண்டுவர வேண்டும். அதுவும் சாகாமல் இருக்க வேண்டுமென்றால் பாதி வேலைதான் வாங்கலாம்.

"நெருப்பா, மூச்சா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க பார்ட்லி."

"என்ன கேள்வி இது?" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு, நாலு கம்பளிக்கு அடியில், குளிர்ந்த வீட்டில் படுத்தார்.

சனிக்கிழமை காலை அவர் நெஞ்சில் இருமல் இறங்கியிருந்தது. நான் நேராக மண்டபத்துக்கு ஓட்டினேன். முந்தின நாள்தான் கம்பெனிக்காரர்கள் அங்கே ஒரு மேஜை போட்டிருந்தார்கள். 'உங்களுக்கு உதவவே இருக்கிறோம்' என்று ஒரு பதாகை. மேஜைக்குப் பின்னால் முப்பது வயது மதிக்கத்தக்க ஆள், சட்டையில் ஃபெர்கல் என்று பெயர் அட்டை. ரோட்டின் பெயரைச் சொன்னேன். கையிலிருந்த டேப்லெட்டைத் தட்டினான்.

"உங்க ரோடு பச்சைல இருக்கு மேடம். செவ்வாய்க்கிழமையே சரியாயிடுச்சு."

"யார் சொன்னா?"

"எங்க டீம் நேர்ல வந்து பார்த்திருக்காங்க."

"என்னத்தைப் பார்த்தாங்க? படி தம்பி. அங்க என்ன எழுதியிருக்கோ அதை அப்படியே படி."

அவன் தயங்கினான். பிறகு படித்தான். "'வீடுகளில் வெளிச்சம் தெரிகிறது. ஜன்னலில் வாடிக்கையாளர் கை அசைத்து உறுதி செய்தார்.'"

மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றினேன்.

"அது என் கார் பேட்டரி! பன்னிரண்டு வோல்ட்! அஞ்சு வாட் விளக்கு! உங்க கரண்ட் இல்ல அது. இறங்கி வந்து ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? கதவு என்ன கடிக்குமா?"

"கார் பேட்டரியா?" அவன் முகம் மாறியது. "மேடம், அதிகாரபூர்வமா நாங்க வாடிக்கையாளர்களைக் கார் பேட்டரி பயன்படுத்தச் சொல்றதில்ல. அது ஆபத்து."

"ஆபத்துன்னு எனக்குத் தெரியாதா? உனக்கு முன்னாலேயே தெரியும். தெரிஞ்சதாலதான் ஃப்யூஸ் போட்டேன், ஜன்னலைத் திறந்தேன், தினமும் இருபத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். அந்த ஆபத்துதான் ஒரு மனுஷனுக்கு எட்டு நாளா மூச்சு விடுது. நீங்க என்ன விட்டீங்க? கடுதாசி!"

"இதை மறுபடி திறக்கலாம் மேடம். ஆனா புதுப் புகாரா வரும். புதுசுன்னா வரிசைல கடைசிக்குத்தான்..."

"இன்னொரு தடவை சத்தமாப் படி. அந்த கை அசைச்ச கதையை எல்லாரும் கேட்கட்டும்."

அவன் படிக்க வேண்டிய தேவையே வரவில்லை. சூப்புக்கு நின்ற வரிசையில் எல்லாரும் கேட்டிருந்தார்கள். அரோனா என்கிற ஊர்ப் பக்கத்துப் பெண்ணொருத்தி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எங்க ரோடும் பச்சைன்னாங்க. எங்க அண்ணன் டிராக்டர் பேட்டரில விளக்குப் போட்டிருந்தான்." அவளுக்குப் பின்னால் ஒரு வயசானவர், "நாங்க ஜெனரேட்டர் வச்சிருந்தோம். அதைப் பார்த்திருப்பாங்களோ?" என்றார். ஒவ்வொருவராக மேஜையைச் சுற்றி வந்தார்கள். எண்ணிப் பார்த்ததில் மொத்தம் ஐந்து ரோடு. இருட்டோடு மல்லுக்கட்டி ஒரு பொட்டு வெளிச்சம் உண்டாக்கியவர்களை எல்லாம் பச்சையில் போட்டுவிட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தால் செவ்வாய்க்கிழமையே கரண்ட் வந்திருக்கும். ஃபெர்கலின் கழுத்து சிவந்து போயிற்று. அவன்மேல் பரிதாபப்பட எனக்கு அன்றைக்கு நேரமில்லை.

மூலையில் ஆரஞ்சு உடுப்பில் இரண்டு பேர் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். உதவிக்காக ஃபின்லாந்திலிருந்து கப்பலில் வந்திறங்கிய லைன்மேன்கள். பெரியவர் எழுந்து வந்தார். பெயர் டாபியோ. அரைகுறையாகப் பேசினார்.

"எத்தனை வீடு?"

"நாலு. ஆள் இருக்கறது ரெண்டுல."

"நோயாளி?"

"ஒருத்தர். மூச்சு மெஷின்."

"பேட்டரி... வீட்டு வயரோட சேர்த்திருக்கா? சுவர் பிளக்குல?"

எதற்குக் கேட்கிறார் என்று புரிந்தது. அப்படிச் சேர்த்தால் கரண்ட் பின்னோக்கிப் போய் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகக் கம்பத்துக் கம்பியில் ஏறும். செத்த கம்பி என்று நம்பிக் கை வைக்கிறவன் செத்துப்போவான்.

"இல்ல. தனி வயர், தனி பிளக். ஃப்யூஸ் போர்டுகிட்டக்கூடப் போகல."

என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். பிறகு கையை நீட்டிக் குலுக்கினார். "நல்லது. ஆனா நான் செக் பண்ணுவேன்."

"கண்டிப்பாப் பண்ணுங்க. கோபிச்சுக்க மாட்டேன்."

ஃபெர்கல் எழுந்து நின்றான். "டாபியோ, அந்த ரோடு உங்க வேலை ஷீட்டுல இல்லையே."

டாபியோ பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துப் பார்த்தார். "ஷீட் நனைஞ்சு போச்சு" என்றார். காகிதம் காய்ந்துதான் இருந்தது. கூட வந்தவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இருவரும் என் காருக்குப் பின்னால் வேனை எடுத்தார்கள்.

பார்ட்லி வீட்டுக்கு எண்ணூறு மீட்டர் முன்னால், காட்டு ஓரத்தில், ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரம் ஒன்று கம்பிமேல் சாய்ந்து கிடந்தது. ரோட்டிலிருந்து பத்து அடி இறங்கி நடந்தாலே தெரியும். யாரும் இறங்கவில்லை. டாபியோ முதலில் இரண்டு வீட்டுக்கும் போய் வயர்களைப் பார்த்தார், பிறகு கம்பியைச் சோதித்து எர்த் செய்தார், அப்புறம்தான் ரம்பத்தை எடுத்தார். அதற்குள் பார்ட்லி கோட்டுக்கு மேல் பழைய ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு இருமி இருமி வந்து சேர்ந்துவிட்டார்.

"அந்தப் பக்கம் வெட்டாதே! மரம் முறுக்கிட்டு நிக்குது. அடியில வெட்டினா எகிறி உன் மூஞ்சில அடிக்கும்!"

டாபியோவுக்குப் பாதி வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனால் பார்ட்லியின் கை எந்த இடத்தைக் காட்டியது என்பது புரிந்தது. நின்றார், மரத்தைச் சுற்றி வந்தார், பார்ட்லி காட்டிய இடத்தில் வெட்டினார். மரம் அமைதியாக ஒதுங்கி விழுந்தது. பார்ட்லி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார்.

மூன்றரை மணிக்குக் கரண்ட் வந்தது. ஒன்பதாவது நாள். மரத்தை வெட்டிக் கம்பியை இழுத்துக் கட்ட ஆன நேரம் ஒரு மணி ஐம்பது நிமிஷம். செவ்வாய்க்கிழமை வந்தவன் வண்டியை விட்டு இறங்கியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

டாபியோ டீ கூடக் குடிக்கவில்லை. மிச்சம் நாலு ரோடு இருக்கிறதே என்றார். ஒரு ரொட்டியையும் வெண்ணெயையும் வேனுக்குள் வைத்தேன்.

அடுத்த புதன்கிழமை பார்ட்லியை ஸ்லைகோ ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நிமோனியா. பதினொரு நாள் இருந்தார். குளிரால் வந்ததா என்று டாக்டர் திட்டமாகச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், குளிரால்தான் வந்தது.

மார்ச்சில் அதே மண்டபத்தில் கம்பெனி ஒரு கூட்டம் வைத்தது. மேடையில் ஒரு மேனேஜர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, திரையில் படங்கள் காட்டி, "இந்தப் புயலிலிருந்து நாங்கள் பல பாடங்களைக் கற்றுக்கொண்டோம்" என்றார். நான் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். எழுந்திருப்பதற்குள் பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. பார்ட்லி. மெலிந்துபோய், சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது. சர்ச்சில் பூசைக்குப் போனாலும் கடைசி வரிசையில் நிற்கிற மனுஷன்.

"அந்தப் பாடம் எந்த ரோட்டு வழியா வந்துச்சுங்க?" என்றார். "எங்க ரோட்டு வழியா வரல. வந்திருந்தா நாங்க பார்த்திருப்போம். எங்க வீட்டுல வெளிச்சம் இருந்துச்சு."

மண்டபம் சிரித்தது. மேனேஜர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் எதையோ எழுதிக்கொண்டார். பார்ட்லி சிரிக்கவில்லை. பதில் வரும்வரை உட்காரவும் இல்லை. இனிமேல் ஆட்கள் இறங்கி மீட்டர் வைத்துப் பார்க்காமல் எந்த ரோட்டையும் பச்சையில் போடமாட்டார்கள் என்று மேனேஜர் வாய்விட்டுச் சொன்னார். எழுத்தில் கொடுங்கள் என்றேன் நான். ஐந்து ரோட்டு ஜனமும் சேர்ந்து கேட்டது. அங்கேயே, அந்தத் திரைக்குக் கீழே, அவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று.

திரும்பி வரும்போது காரில் பார்ட்லி வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

"நீ எழுதிட்டு வந்ததைப் படிக்கவே இல்லையே" என்றார்.

"நீங்க விட்டாத்தானே."

"என்ன எழுதியிருந்தே?"

வண்டியை ஓரமாக நிறுத்தி, இரண்டு பக்கத்தையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். கத்தித்தான் படித்தேன். எதிரே வந்த ஒரு கார் வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.